கிட்டார் கற்க உள்ளூர் ஆசிரியரா, இணைய வகுப்பா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கான ஓர் ஒப்பீடு

சென்னையிலோ பெங்களூரிலோ கிட்டார் கற்க விரும்புகிறவர், எந்த இசைப்பள்ளியில் சேரலாம் என்று யோசித்தால் போதும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருப்பவருக்குக் கேள்வி அதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. கற்றுத்தர ஊரில் ஆள் இருக்கிறாரா, இருந்தால் அவரை எப்படிக் கண்டுபிடிப்பது, இல்லையென்றால் கைப்பேசியை நம்பித் தொடங்கிவிடலாமா என்பதில்தான் பலருடைய ஆசை மாதக்கணக்கில் நின்றுவிடுகிறது. இன்றைய நிலையில் அவர்களுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. ஊரிலேயே ஓர் ஆசிரியரிடம் நேரில் கற்கலாம். வாரம் ஒருமுறை ஓசூருக்கோ சேலத்துக்கோ பெங்களூருக்கோ போய்வரலாம். காணொளி அழைப்பு வழியாக ஆசிரியரோடு நேரலையில் பயிலலாம். பதிவு செய்யப்பட்ட பாடங்களை வைத்துக்கொண்டு தாமாகவே பழகலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தின் முதல் மூன்று மாதங்களுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்துத் திருத்தும் ஓர் ஆள் வேண்டும். அவர் பெரிய கலைஞராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன்பிறகு ஒழுங்கான பதிவுப் பாடத்திட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு முன்னேறலாம். பணம் கட்டிச் சேரும் நேரலை இணைய வகுப்பு, எந்த வகை இசையை வாசிக்க வேண்டும் என்ற தெளிவு வந்த பிறகுதான் தன் முழுப் பயனைத் தருகிறது. பலரும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் வாரத்திலேயே ஓராண்டு இணையச் சந்தாவைக் கட்டிவிட்டு மூன்றாம் மாதத்தில் கிட்டாரை அலமாரி மேல் ஏற்றிவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

முதல் மூன்று மாதங்களுக்கு நேரடி ஆசிரியர் ஏன் தேவை என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். கார்டு என்பது சில சுரங்கள் ஒருசேர ஒலிப்பது; ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் உலோகக் கம்பிகளால் பிரிக்கப்பட்ட கட்டம்; தந்திகளை மெல்லியதிலிருந்து எண்ணுவார்கள். சி மேஜர் கார்டைப் பிடிக்க, ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டிலும், நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும், மோதிரவிரல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டிலும் அமரவேண்டும். காவேரிப்பட்டினத்துக் கல்லூரி மாணவி ஒருவர், காணொளிகளைப் பார்த்தே இந்தக் கார்டைப் பல வாரங்கள் பழகியிருந்தார். விரல்கள் மூன்றும் படத்தில் உள்ள இடங்களிலேயே இருந்தன. ஆனால் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டியபோது நான்காம் தந்தி ஒலிக்காமல் ‘தப்’ என்று செத்தது, முதல் தந்தியும் அப்படியே. அவர் இன்னும் அழுத்தினார், விரல் நுனி சிவந்தது, ஒலி மாறவில்லை. பக்கத்தில் இருந்த ஆசிரியர் விரல்களைத் தொடவே இல்லை. கழுத்துப் பலகைக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கட்டைவிரலைப் பின்பக்கத்தின் நடுவுக்கு இறக்கச் சொன்னார், முழங்கையை உடம்பை நோக்கிச் சற்றுக் கொண்டுவரச் சொன்னார். மணிக்கட்டு தானாக முன்னே வந்தது. சாய்ந்துகிடந்த மோதிரவிரல் நிமிர்ந்து நான்காம் தந்தியை விட்டு விலகியது. ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி முதல் தந்தியைத் தொடுவதும் நின்றது. அரை நிமிடத்தில் கார்டு முழுதாக ஒலித்தது.

பிழை விரலில் தெரிந்தாலும் காரணம் கட்டைவிரலிலும் முழங்கையிலும் இருந்தது. கற்பவருக்குத் தன் முழங்கை கண்ணில் படாது. காணொளியில் பாடம் நடத்துகிறவருக்கோ கற்பவரையே தெரியாது. தந்தியை ஃப்ரெட்டின் உலோகக் கம்பியை ஒட்டி அழுத்தினால் பாதி பலம் போதும் என்பதும், வலது கை தோளிலிருந்து இறுகாமல் மணிக்கட்டிலிருந்து தளர்ந்து ஆடவேண்டும் என்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. இவை பழக்கமாக உறைந்துவிட்டால் பிறகு கலைப்பது கடினம். ஆள்காட்டி விரலால் ஆறு தந்திகளையும் ஒருசேர அழுத்தும் எஃப் கார்டுக்கு வரும்போது, தவறாக உறைந்த கை அங்கேயே நின்றுவிடும்.

சரி, அந்த ஆளை ஊரில் எங்கே தேடுவது? மாவட்ட அரசு இசைப்பள்ளியில் விசாரிக்கலாம் என்றே பலரும் முதலில் நினைக்கிறார்கள். கலை பண்பாட்டுத் துறை நடத்தும் அந்தப் பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை மூன்றாண்டுப் பாடங்களாக மிகக் குறைந்த கட்டணத்தில் கற்பிக்கப்படுகின்றன. கிட்டார் அவற்றில் சேராது. எனவே தனியார் ஆசிரியர்தான் வழி. நம் ஊர்களில் கிட்டார் ஆசிரியர் பெரும்பாலும் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருப்பதில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் ஞாயிறுதோறும் வாசிப்பவர், கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவினர், தனியார் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்து மாலையில் கீபோர்டும் கிட்டாரும் சேர்த்துக் கற்பிப்பவர் ஆகிய மூவகையினரிடமே இந்தக் கலை இருக்கிறது. தருமபுரி கத்தோலிக்க மறைமாவட்டம் 1997-இல் தனியாக அமைந்தது. இரு மாவட்டங்களிலும் அதன் பங்குத் தேவாலயங்கள் இருப்பதால், சிறிய ஊரிலும்கூட கிட்டார் பிடிக்கத் தெரிந்த ஒருவரைத் தேவாலயத்தில் விசாரித்து அறியமுடியும். இசைக்கருவி விற்கும் கடையில் தந்தி மாற்ற வருபவர்கள் யார் என்று கேட்பதும் நல்ல வழி. வரைபடச் செயலியில் தேடிக் கிடைக்கும் பெயர்களைவிட இந்த விசாரணைகளில் கிடைக்கும் பெயர்கள் நம்பகமானவை என்பது என் கருத்து.

ஆசிரியரை அடையாளம் கண்டபின், பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பார்க்க வேண்டியவை சில. வகுப்பு தொடங்குமுன் மாணவரின் கிட்டாருக்குச் சுருதி சேர்க்கிறாரா, அதை மாணவருக்கே கற்றுக்கொடுக்கிறாரா? ஆறு தந்திகளும் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்ற வரிசையில் நிற்கவேண்டும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லித்தராதவர் மாணவரைத் தன்னையே சார்ந்திருக்கச் செய்துவிடுகிறார். சீராகத் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் கருவியோ காலால் தாளமோ வைத்துப் பழக்குகிறாரா? ஒரே நேரத்தில் கீபோர்டு மாணவர்கள் நால்வரையும் கிட்டார் மாணவர்கள் மூவரையும் ஓர் அறையில் வைத்திருந்தால், உங்கள் கை மீது அவர் கண் எத்தனை நிமிடம் இருக்கும்? அவருடைய முதன்மைக் கருவி கீபோர்டு என்பது மட்டும் ஒரு குறையாகிவிடாது. அடிப்படைக் கார்டுகளும், தந்திகளை ஒருசேர வருடி மீட்டும் ஸ்ட்ரம்மிங்கும் தெளிவாகத் தெரிந்த கீபோர்டு ஆசிரியர், பொறுமையற்ற கிட்டார் வித்வானைவிடத் தொடக்கநிலையினருக்கு நல்லவர்.

உள்ளூர் வழியின் குறைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மெல்லிசைக் குழுவில் இருப்பவர் முகூர்த்த மாதங்களில் வகுப்பை அடிக்கடி தள்ளிவைப்பார். தேவாலயத்தில் வாசிப்பவருக்கு டிசம்பர் முழுவதும் ஒத்திகை இருக்கும். ஆகவே மாதக் கட்டணம் என்று பேசாமல், இத்தனை வகுப்புக்கு இத்தனை ரூபாய் என்று பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. இன்னொரு குறை பெரியது. பாடல் பாடலாகக் கற்பிக்கும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. மாணவர் ஆறு மாதத்தில் ஆறு திரைப்பாடல்களின் தொடக்க இசையை வாசிப்பார், வீட்டுக்கு வந்தவர்கள் மகிழ்வார்கள், ஆனால் ஏழாவது பாடலைத் தானாகக் கண்டுபிடிக்க அவருக்குத் தெரியாது. மேஜர் ஸ்கேல் என்ற ஏழு சுர வரிசை, அதிலிருந்து கார்டுகள் பிறக்கும் முறை, எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று எண்களால் காட்டும் டேப் குறிப்பைப் படிப்பது ஆகியவை பாடத்தில் வருமா என்று நேரடியாகவே கேட்டுவிடலாம். வராது என்றாலும் சேரலாம்; முதல் மூன்று மாதக் கைப்பழக்கத்துக்கு மட்டும் என்ற தெளிவோடு சேரவேண்டும்.

வெளியூர் போய்வரும் வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர், பெங்களூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்; தருமபுரியிலிருந்து சேலம் 65 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிருஷ்ணகிரி நகரத்துக்கு இரயில் நிலையம் இல்லாததால் பேருந்து ஒன்றே வழி. சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் இரயில் பாதை தருமபுரிக்காரர்களுக்கு உதவும். ஒரு மணி நேர வகுப்புக்காக அரை நாளையும், தோளில் கிட்டாரோடு கூட்டமான பேருந்துப் பயணத்தையும் கொடுக்கவேண்டியிருக்கும். ஓசூரிலேயே வசிப்பவருக்கு இந்தக் கணக்கு வேறு: பெங்களூரின் எல்லையில் இருப்பதால் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கற்பிக்கும் ஆசிரியர்களும் அவருக்கு எட்டும் தொலைவில்தான். மற்றவர்களுக்கு, உள்ளூர் ஆசிரியரைத் தாண்டி வளர்ந்த பிறகு மாதம் ஒருமுறை போய் ஒரு நல்ல ஆசிரியரிடம் வாசித்துக் காட்டி, அடுத்த மாதத்துக்கான வேலையை வாங்கிவருவது பயனுள்ள ஏற்பாடு. ஊத்தங்கரையிலிருந்தோ அரூரிலிருந்தோ வாரந்தோறும் பெங்களூர் போவேன் என்று ஒரு தொடக்கநிலையினர் சொன்னால், வேண்டாம் என்றே சொல்வேன்.

நேரலை இணைய வகுப்பைப் பற்றி விரிவாகப் பேசவேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் அதிகம் வருவது இதைப் பற்றித்தான். அவை சொல்லாமல் விடும் தொழில்நுட்ப உண்மைகளும் இதில்தான் அதிகம். முதலாவது, காலதாமதம். இருவர் சேர்ந்து வாசிக்க, ஒருவருடைய ஒலி மற்றவரை ஏறத்தாழ 30 மில்லி நொடிகளுக்குள் எட்டவேண்டும். வழக்கமான காணொளி அழைப்பில் தாமதம் அதைப்போலப் பல மடங்கு. ஆகவே ஆசிரியர் தாளம் போட மாணவர் கூடவே வாசிப்பது என்பது இணையத்தில் நடக்காது. ஆசிரியர் வாசித்து நிறுத்த, மாணவர் பிறகு வாசிக்க, ஒருவர் மாற்றி ஒருவராகத்தான் வகுப்பு நகரும். நேரில் ஆசிரியரோடு சேர்ந்து ஸ்ட்ரம் செய்யும்போது தாளம் உடம்பில் ஏறுகிறதே, அந்த அனுபவம் இங்கே கிடைக்காது.

இரண்டாவது, ஒலி. அழைப்புச் செயலிகள் மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டவை. நீடித்து ஒலிக்கும் தந்தி ஓசையை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடுகின்றன. மாணவர் மீட்டிய கார்டு முதல் நொடிக்குப் பின் ஆசிரியருக்குக் கேட்காமலே போகும். ஜூம் செயலியில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பை இயக்கினால் இந்தக் குறை பெருமளவு தீரும். பணம் கட்டுமுன் நடக்கும் மாதிரி வகுப்பில் ஆசிரியர் இதைத் தாமாகவே சொல்கிறாரா என்று கவனியுங்கள். இணையத்தில் பழகிய ஆசிரியரை அது காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது, கேமராவின் இடம். கைப்பேசியைப் புத்தகத்தில் சாய்த்து முகத்தைக் காட்டினால் பயனில்லை. அதைப் படுக்கைவாட்டில் வைத்து, இடது கையின் கட்டைவிரலும் வலது கையின் மணிக்கட்டும் ஒருசேரத் தெரியும்படி சற்றுப் பக்கவாட்டிலிருந்து காட்டவேண்டும். அதற்கு ஒரு சிறிய ட்ரைபாட் வாங்குவது வீண்செலவு ஆகாது. ஒரு மணி நேரக் காணொளி அழைப்புக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி வரை செலவாகும் என்பதால், தினசரி அளவுள்ள டேட்டா திட்டமே பெரும்பாலும் போதும். டேட்டாவைவிட முக்கியமானது சிக்னலின் நிலைத்தன்மை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைக் கிராமங்களில் வசிப்பவர்கள், வகுப்பு நடக்கும் அதே மாலை நேரத்தில் வீட்டிலிருந்து அழைப்பு தடையின்றி நிற்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை குறைகள் இருந்தும் நேரலை வகுப்பு சிலருக்கு மற்ற மூன்றையும்விடச் சிறந்தது. கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்க விரும்புபவருக்குக் கமகங்களைத் தந்தியில் எப்படி வழுக்குவது, எப்படி இழுப்பது என்று கற்றுத்தர உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வுகளோ, ராக், பாப் இசைக்கான ராக்ஸ்கூல் தேர்வுகளோ எழுத எண்ணும் மாணவருக்கும் அப்படித்தான். எட்டாம் நிலை வரை செல்லும் அந்தத் தேர்வுகளுக்கு, பாடத்திட்டத்தை அறிந்த ஆசிரியரே வேண்டும். வாசிப்பைக் காணொளியாகப் பதிவு செய்து அனுப்பியே தேர்வு எழுதும் முறையும் இப்போது இருப்பதால், ஊரை விட்டுப் போகாமலே நிலைகளைக் கடக்கலாம். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கும், நேரத்தை மாற்றித்தரும் இணைய ஆசிரியரே பொருந்துவார். எவராக இருந்தாலும் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்ற வகுப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். பத்துப் பேர் சிறு சதுரங்களாகத் தெரியும் குழு வகுப்பு, பெயருக்குத்தான் நேரலை; அதில் கை திருத்தப்படுவதில்லை, பதிவுப் பாடத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதாகவே முடியும்.

பதிவுப் பாடங்களில் என் முதல் பரிந்துரை ‘ஜஸ்டின் கிட்டார்’ இணையதளம். ஆஸ்திரேலியரான ஜஸ்டின் சாண்டர்கோ 2003-இல் தொடங்கிய அதன் அடிப்படைப் பாடங்கள் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் படிநிலைகள் அதில் இருப்பதே அதன் பெருமை. பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் அவர் நிதானமாகப் பேசுவதால், பிளஸ் டூ ஆங்கிலம் உள்ள ஒருவர் தொடர்ந்து செல்லமுடியும். இரண்டு கார்டுகளை ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணிப் பழகும் அவருடைய பயிற்சியை, எந்த ஆசிரியரிடம் படிப்பவரும் தன்னுடையதாக்கிக்கொள்ளலாம். யூடியூபில் தமிழில் கிட்டார் கற்பிக்கும் சேனல்களும் நிறைய உள்ளன; திரைப்பாடல்களின் கார்டுகளைத் தெரிந்துகொள்ள அவை மிகவும் உதவுகின்றன. ஆனால் அவற்றையே பாடத்திட்டமாகக் கொள்பவர், இன்று ஒரு காணொளி, நாளை அதன் பக்கத்தில் தெரியும் வேறொன்று என்று தாவிக்கொண்டே இருப்பார். யூசிஷியன் போன்ற செயலிகள் கைப்பேசியின் மைக் வழியாகக் கேட்டு, சுருதியும் நேரமும் சரியா என்று சொல்கின்றன. அவை நல்ல பயிற்சித் துணை. மணிக்கட்டு வளைந்திருப்பதை அவற்றால் பார்க்கமுடியாது.

செலவை ஒப்பிடும்போது மாதக் கட்டணத்தை வைத்து ஒப்பிடுவது சரியாக இராது. ஆசிரியரின் கவனம் உங்கள் கை மீது இருக்கும் ஒரு நிமிடத்துக்கு என்ன விலை என்று கணக்கிடுங்கள். மாதம் 1,200 ரூபாய்க்கு நான்கு வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், ஆனால் அறையில் ஆறு பேர் என்றால் மாதத்தில் உங்களுக்குக் கிடைப்பது 40 நிமிடம். நிமிடத்துக்கு 30 ரூபாய். மாதம் 2,000 ரூபாய்க்கு அரை மணி நேரத் தனி வகுப்புகள் நான்கு என்றால் கிடைப்பது 120 நிமிடம். நிமிடத்துக்கு 17 ரூபாய்கூட ஆகாது. மலிவாகத் தோன்றியது விலை உயர்ந்ததாகிவிடுகிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் ஓராண்டுக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டவேண்டாம். ‘இன்று சேர்ந்தால் பாதி விலை’ என்று அவசரப்படுத்தும் இடத்தை அந்த அவசரத்துக்காகவே தவிர்க்கலாம்.

கருவியைப் பற்றியும் இங்கேயே முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் மோசமான கிட்டார் எந்த ஆசிரியரையும் தோற்கடித்துவிடும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த தந்திக்கும் ஃப்ரெட் கம்பிக்கும் இடையே உள்ள இடைவெளியை ஒரு அளவுகோலால் பாருங்கள். இரும்புத் தந்தி கிட்டாரில் அது இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் விரலுக்கு இதம். நான்கைத் தாண்டினால் தொடக்கநிலையினரின் விரல் தாங்காது. கடையில் நேரில் வாங்கினால் இதைப் பார்த்து வாங்கலாம், தந்தி உயரத்தைக் குறைத்தும் தரச் சொல்லலாம். இணையத்தில் வாங்குபவர் வந்த பெட்டியோடு உள்ளூர் ஆசிரியரிடம்தான் போய் நிற்கவேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முக்கால் அளவுள்ள நைலான் தந்தி கிட்டார் ஏற்றது. பெரியவர்கள் இரும்புத் தந்தியிலேயே தொடங்கலாம், மெல்லிய தந்தித் தொகுப்பு ஒன்றை மாட்டிக்கொண்டால் போதும். விரல் நுனி வலி இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை வைத்துவிடாதீர்கள். தந்திகளைத் தாங்கும் பாலத்தை (பிரிட்ஜ்) ஒட்டியிருக்கும் பசை இளகி, மரம் தூக்கிக்கொள்ளும்.

இனி யார் எதைத் தேர்வது என்பதற்கு வருவோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரடி ஆசிரியரைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். திரைக்கு முன்னால் அவர்கள் ஏற்கெனவே போதுமான நேரம் இருக்கிறார்கள், மேலும் சிறு கைகள் மிக வேகமாகத் தவறான வடிவத்தைப் பழகிக்கொள்ளும். கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் மூன்று மாதம் உள்ளூர் ஆசிரியர், அதன்பின் பதிவுப் பாடத்திட்டம் என்று வைத்துக்கொண்டு, நான்காம் மாதத்திலிருந்து ஆசிரியரை மாதம் இரண்டு வகுப்பாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆசிரியரே கிடைக்காத ஊரில் இருப்பவர், மூன்று மாதம் மட்டும் தனி நேரலை வகுப்பு எடுத்து, இயன்றால் அதற்கிடையே இரண்டு முறையேனும் நகரத்தில் ஓர் ஆசிரியரிடம் நேரில் கையைக் காட்டிவரட்டும். வீட்டுப் பொறுப்புகளுக்கிடையே கற்க நினைக்கும் பெண்கள் பலர், வெளியே வகுப்புக்குப் போவதில் உள்ள தயக்கத்தாலேயே இணையத்தைத் தேர்கிறார்கள். வீட்டுக்கு வந்து கற்பிக்கும் ஆசிரியைகள் இருக்கிறார்களா என்று தேவாலயத்திலும் பள்ளிகளிலும் விசாரித்துவிட்டு அந்த முடிவுக்கு வருவது நல்லது. இடது கைப் பழக்கம் உள்ளவர், வலது கைக் கிட்டாரிலேயே பழகுவதா இடது கைக் கிட்டார் வாங்குவதா என்பதைக் கருவி வாங்குவதற்கு முன்னரே ஆசிரியரிடம் பேசி முடிக்கவேண்டும். இடது கைக் கிட்டார் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இருப்பில் இராது.

வழி எதுவானாலும், முதல் மாதத்தின் வேலை ஒன்றுதான். ஈ மைனர், ஏ மைனர், டி, ஜி, சி ஆகிய ஐந்து கார்டுகள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, ஒவ்வொரு நான்காம் தட்டுக்குப் பின்னும் ஒரு மாற்றம். தினமும் 20 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட நாள்தோறும் இந்த 20 நிமிடம் விரலில் நிற்கும். வாரக் கடைசியில் கைப்பேசியில் ஒரு நிமிட வாசிப்பை, கை தெரியும்படி பதிவு செய்து வைத்துக்கொண்டு, அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். வகுப்பில் அவர் முன்னால் கவனமாக வாசிக்கும்போது மறைந்துகொள்ளும் பிழைகள், தனியாக வீட்டில் வாசித்த அந்தப் பதிவில் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.